டிக்கெட்டை வாங்கியது நீங்கள்தானா?

இணையத்தில் ஒரு இசை நிகழ்ச்சிக்கு டிக்கெட் எடுக்கும்போது என்ன நடக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. இருக்கையைத் தெரிவு செய்யும்போது ஒரு விலை. அட்டை எண்ணைப் போடப் போகும்போது இன்னொரு விலை. நடுவில் சேவைக் கட்டணம், ஓர்டர் கட்டணம், அரங்கக் கட்டணம் என்று இரண்டு மூன்று வரிகள் முளைத்திருக்கும். திரையின் மூலையில் கடிகாரம் வேறு ஓடிக்கொண்டிருக்கும். விட்டால் இருக்கை போய்விடும் என்ற பயத்தில் அழுத்திவிடுவோம்.

இப்போது ஒரு சின்னக் கேள்வி. அந்தச் சேவைக் கட்டணத்தை யாரிடம் கொடுத்தீர்கள்? அட்டைக் கணக்கில் யாருடைய பெயர் இருக்கிறதோ அவர்களிடம் என்றுதானே சொல்வீர்கள். 1998-ல் அமெரிக்காவின் எட்டாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் அப்படி நினைக்கவில்லை. "டிக்கெட்மாஸ்டர் தன் ஏகபோகத்தைப் பயன்படுத்தி எங்களிடம் கூடுதல் கட்டணம் வாங்கிவிட்டது, நட்டஈடு வேண்டும்" என்று ரசிகர்கள் போட்ட வழக்கில் அந்த நீதிமன்றம் சொன்ன பதில், சட்டத்தின் கண்ணில் நீங்கள் நேரடியாக வாங்கியவர்களே அல்ல என்பதுதான்.

பணம் கொடுத்தவன் வாங்கியவன் இல்லையா? இந்தத் தீர்ப்பு எப்படி வந்தது, அதைத் திறக்க எத்தனை வருடம் பிடித்தது என்பதுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். ஆனால் நீங்கள் ஒவ்வொரு முறையும் கட்டுகிற காசைப் பற்றியது என்பதால் பொறுத்துக்கொள்வீர்கள் என்று நினைக்கிறேன்.

அரிசோனாவில் ஒரு மென்பொருள்

டிக்கெட்மாஸ்டர் 1976-ல் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் தொடங்கியது. அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சிலர், அரங்கங்களுக்கு டிக்கெட் விற்கும் கணினி முறை ஒன்றை எழுதி விற்கத் தொடங்கினார்கள். அப்போது அந்தச் சந்தையின் பெரியண்ணன் டிக்கெட்ரான் என்ற நிறுவனம். கடைகளில் முனையம் வைத்து டிக்கெட் அச்சிட்டுக் கொடுப்பது அவர்கள் தொழில்.

1982-ல் ஃபிரெட் ரோசன் என்ற வழக்கறிஞர் டிக்கெட்மாஸ்டரின் தலைமைக்கு வந்தார். என்னைப் போல மென்பொருள் வேலை பார்ப்பவர்களுக்கு நல்ல மென்பொருள்தான் வெல்லும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. இந்தக் கதையில் வென்றது மென்பொருள் இல்லை, ஒப்பந்தம். ரோசன் செய்தது இதுதான். அதுவரை டிக்கெட் விற்றுக் கொடுப்பதற்காக அரங்கங்கள் கட்டணம் செலுத்தின. அவர் அதைத் தலைகீழாக்கினார். நீங்கள் எங்களுக்குத் தரவேண்டாம், நாங்கள் உங்களுக்குத் தருகிறோம் என்றார். ரசிகரிடமிருந்து சேவைக் கட்டணம் வாங்கி, அதில் ஒரு பங்கை அரங்கத்துக்குக் கொடுப்பது. அதற்குப் பதிலாகச் சில வருடங்களுக்கு அந்த அரங்கத்தின் டிக்கெட் முழுவதையும் விற்கும் தனியுரிமை.

அரங்க முதலாளி எதற்கு மறுக்கப் போகிறார்? செலவாக இருந்தது வரவாக மாறுகிறது. கட்டணத்தைப் பார்த்துக் கோபப்படும் ரசிகர் அரங்கத்தையோ பாடகரையோ திட்டப்போவதில்லை. டிக்கெட்மாஸ்டரைத் திட்டுவார். திட்டு வாங்குவதும் அந்த நிறுவனம் விற்ற சேவையில் அடக்கம் என்றுதான் நான் சொல்வேன்.

இதில் உள்ள பொருளாதாரத்தைக் கவனியுங்கள். போட்டி இருந்தால் விலை குறையும் என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். இங்கே டிக்கெட் நிறுவனத்தைத் தெரிவு செய்வது அரங்கம், கட்டணம் கட்டுவது நீங்கள். இரண்டு நிறுவனங்கள் ஒரு அரங்கத்துக்காகப் போட்டியிட்டால், யார் அரங்கத்துக்கு அதிகப் பங்கு தருகிறாரோ அவர் வெல்வார். அதிகப் பங்கு கொடுக்க அதிகக் கட்டணம் வாங்கவேண்டும். ஆகவே போட்டி கூடக்கூடக் கட்டணமும் கூடும். இந்த ஒரு விஷயம் புரிந்தால் மீதிக் கதை முழுவதும் புரிந்துவிடும்.

1991-ல் டிக்கெட்ரானின் சொத்துக்களை டிக்கெட்மாஸ்டர் வாங்கியது. அமெரிக்க நீதித் திணைக்களம் அதைத் தடுக்கவில்லை. பெரிய அரங்கங்களுக்கு டிக்கெட் விற்க நாடு தழுவிய வேறு ஆள் அதற்குப் பிறகு இல்லை என்றே சொல்லலாம்.

பேர்ல் ஜாம் போட்ட சண்டை

உங்கள் அப்பா அம்மாவின் வயதில் உள்ளவர்களிடம் பேர்ல் ஜாம் பற்றிக் கேட்டுப் பாருங்கள், இளையராஜாவைத் தாண்டி எதுவும் கேட்காதவர்களைத் தவிர. 1990-களின் தொடக்கத்தில் சியாட்டலில் இருந்து வந்த ராக் குழு. 1994-ல் அவர்கள் புகழின் உச்சத்தில் இருந்தார்கள். ரசிகர் கொடுக்கும் மொத்தத் தொகை 20 டொலருக்குள் இருக்கவேண்டும் என்பது அவர்கள் விருப்பம். டிக்கெட் 18 டொலர், சேவைக் கட்டணம் பத்து வீதம், அதாவது 1 டொலர் 80 சதம். அதற்கு மேல் வேண்டாம் என்றார்கள். டிக்கெட்மாஸ்டர் ஒத்துக்கொள்ளவில்லை.

வேறு யார் மூலமாவது விற்கலாம் என்றால் பெரிய அரங்கங்கள் எல்லாம் டிக்கெட்மாஸ்டரோடு தனியுரிமை ஒப்பந்தத்தில். குழு நீதித் திணைக்களத்திடம் முறையிட்டது, அந்த வருடக் கோடைச் சுற்றுப்பயணத்தைக் கைவிட்டது. 1994 ஜூன் 30 அன்று குழுவின் ஸ்டோன் கோஸார்டும் ஜெஃப் அமெண்டும் காங்கிரஸ் குழு ஒன்றின் முன் சாட்சி சொன்னார்கள். கிற்றார் வாசிப்பவர்கள் ஏகபோகச் சட்டம் பேசியதைத் தொலைக்காட்சிகள் ஒரு வேடிக்கையாகவே காட்டின.

1995-ல் டிக்கெட்மாஸ்டர் இல்லாமலே சுற்றுப்பயணம் போக முயன்றார்கள். வழமையான அரங்கங்கள் கிடைக்காமல் ஊருக்கு வெளியே உள்ள திடல்களைத் தேடவேண்டியதாயிற்று. மேடை, வேலி, காவல், கழிவறை எல்லாம் ஒவ்வொரு இடத்திலும் புதிதாக அமைக்கவேண்டும். அந்த ஜூலையில் நீதித் திணைக்களம் விசாரணையை எந்த நடவடிக்கையும் இல்லாமல் மூடியது. சில வருடங்களில் பேர்ல் ஜாமும் டிக்கெட்மாஸ்டர் அரங்கங்களுக்கே திரும்பியது. அன்றைக்கு உலகின் மிகப் பெரிய ராக் குழுக்களில் ஒன்றாலேயே முடியவில்லை என்பதை மற்றக் கலைஞர்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

செங்கல் வழக்கு

அரசு கைவிட்டாலும் மக்கள் வழக்குப் போடலாம். அமெரிக்க ஏகபோக எதிர்ப்புச் சட்டத்தில் அதற்கு வழி இருக்கிறது. 1890-ல் வந்த ஷெர்மன் சட்டமும் 1914-ல் வந்த கிளேட்டன் சட்டமும் இதன் அடிப்படை. பாதிக்கப்பட்டவர் வென்றால் இழந்த தொகையைப் போல மூன்று மடங்கு கிடைக்கும். ஒருவர் இழந்தது ஐந்து டொலர்தான் என்றால் யார் வழக்கறிஞர் வைக்கப் போகிறார்கள்? அதற்குத்தான் கிளாஸ் ஆக்‌ஷன் எனப்படும் கூட்டு வழக்கு. ஒரே மாதிரிப் பாதிக்கப்பட்ட இலட்சக்கணக்கானோர் சார்பாகச் சிலர் முன்னே நிற்பார்கள்.

பேர்ல் ஜாம் விவகாரத்தின் சூட்டில் 1994-ல் டிக்கெட் வாங்கிய ரசிகர்கள் பல ஊர்களில் இப்படி வழக்குப் போட்டார்கள். அவை ஒன்றாக்கப்பட்டு மிசூரி மாநிலத்தின் செயின்ட் லூயிஸ் நகருக்கு வந்தன. அங்கேதான் ஒரு செங்கல் குறுக்கே விழுந்தது.

சரியாகச் சொன்னால் கொங்கிரீட் கல். 1970-களில் இல்லினோய் மாநில அரசும் அதன் உள்ளூராட்சி அமைப்புகள் எழுநூறும் சேர்ந்து, கொங்கிரீட் கல் தயாரிப்பாளர்கள் கூடிப்பேசி விலையை ஏற்றியதாக வழக்குப் போட்டன. தயாரிப்பாளர் கல்லைக் கொத்து வேலை ஒப்பந்தக்காரருக்கு விற்றார். அவர் சுவரைக் கட்டி முதன்மை ஒப்பந்தக்காரருக்குக் கொடுத்தார். அவர் முழுக் கட்டடத்தையும் அரசுக்குக் கொடுத்தார். கல்லின் கூடுதல் விலை படிப்படியாக இறங்கிக் கடைசியில் அரசின் தலையில் விழுந்தது. 1977-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது, நட்டஈடு கேட்கும் உரிமை முதலில் நேரடியாக வாங்கியவருக்குத்தான், இரண்டாம் மூன்றாம் கைக்கு இல்லை.

காரணம் முட்டாள்தனமானது அல்ல. எந்தக் கையில் எவ்வளவு சுமை நின்றது, எவ்வளவு கீழே இறங்கியது என்று கணக்குப் போடுவது பெரும்பாடு. எல்லாக் கைகளும் வழக்குப் போட்டால் ஒரே தொகையை நிறுவனம் பல முறை கட்டவேண்டி வரலாம். ஆகவே சங்கிலியின் முதல் கைக்கு மட்டும் உரிமை கொடுத்து நீதிமன்றம் கோடு போட்டது.

சரி, கல்லுக்கும் டிக்கெட்டுக்கும் என்ன? டிக்கெட்மாஸ்டர் இந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டது. எங்கள் சேவையை முதலில் வாங்குவது அரங்கம், அரங்கம் எங்களோடு ஒப்பந்தம் செய்வதால்தான் ரசிகர் எங்களிடம் வரவேண்டியிருக்கிறது, ஆகவே ரசிகர் இரண்டாம் கை என்பது வாதம். கீழ் நீதிமன்றம் 1996-ல் அதை ஏற்று வழக்கைத் தள்ளியது. 1998-ல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் நட்டஈட்டைப் பொறுத்தவரை அதையே சொன்னது.

மூன்று நீதிபதிகளில் ஒருவர், மோரிஸ் ஆர்னல்ட், உடன்படவில்லை. அவருடைய மாற்றுத் தீர்ப்பு சாதாரண மனிதனின் தலையில் ஓடுவதைத்தான் சொன்னது. கல் வழக்கில் அரசு தயாரிப்பாளரிடம் ஒரு சதமும் கொடுக்கவில்லை, நடுவில் ஆட்கள் இருந்தார்கள். இங்கே சேவைக் கட்டணம் ரசிகரின் கையிலிருந்து நேராக டிக்கெட்மாஸ்டரின் கைக்குப் போகிறது. அரங்கம் அதைக் கட்டவும் இல்லை, கட்டி இறக்கவும் இல்லை. அப்புறம் என்ன இரண்டாம் கை?

எனக்கு இதை வாசிக்கும்போது இன்னொன்றும் தோன்றியது. கூட்டுப் பெரும்பான்மையின் கணக்குப்படி வழக்குப் போடும் உரிமை அரங்கங்களுக்கு. ஆனால் கட்டணத்தில் பங்கு வாங்கும் அரங்கம் எதற்காகக் கட்டணம் அதிகம் என்று வழக்குப் போடும்? உரிமை இருப்பவருக்கு நட்டம் இல்லை, நட்டப்பட்டவருக்கு உரிமை இல்லை. உச்ச நீதிமன்றம் இந்த வழக்கை விசாரணைக்கு எடுக்கவில்லை. கதவு இருபது வருடத்துக்கு மூடப்பட்டது.

இரண்டேகால் டொலர் வெற்றி

ஏகபோகம் என்ற வாசல் அடைபட்டதால் 2003-ல் கலிபோர்னியாவில் சிலர் வேறு வாசலைத் தட்டினார்கள். 'ஓர்டர் செயற்பாட்டுக் கட்டணம்' என்று பெயர் வைத்தால் அது அந்த வேலைக்கு ஆகும் செலவு என்றுதானே வாங்குபவர் நினைப்பார், உண்மையில் அது இலாபம், ஆகவே ஏமாற்று என்றார்கள். யூபிஎஸ் மூலம் அனுப்ப வாங்கிய கட்டணமும் அப்படியே என்றார்கள். இது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழான கூட்டு வழக்கு.

பதின்மூன்று வருடம் இழுத்தது. 1999 ஒக்டோபர் முதல் 2013 பெப்ரவரி வரை டிக்கெட்மாஸ்டரின் தளத்தில் வாங்கிய ஏறத்தாழ ஐந்து கோடிப் பேர் இதில் அடக்கம். 2016 ஜூனில் அவர்கள் கணக்குகளில் தீர்வு வந்து விழுந்தது. காசு இல்லை, தள்ளுபடிக் குறியீடு. ஒவ்வொன்றும் 2 டொலர் 25 சதம். ஒருவருக்கு அதிகபட்சம் 17 குறியீடு. எல்லாவற்றையும் பயன்படுத்தினால் 38 டொலர் 25 சதம் மிச்சம், ஆனால் அதற்கு நீங்கள் திரும்பத் திரும்ப டிக்கெட்மாஸ்டரிடமே வாங்கவேண்டும். சிலருக்கு இலவச டிக்கெட் குறியீடுகளும் வந்தன. அவையும் குறிப்பிட்ட அரங்கங்களின் குறிப்பிட்ட நிகழ்ச்சிகளுக்கு மட்டும். வழக்கறிஞர்களின் கட்டணம் காசாகவே போனது.

எல்லாக் கூட்டு வழக்கும் இப்படித்தான் என்று கையை விரிக்க நான் தயாரில்லை. ஆனால் கணக்கில் ஒரு மூலையில் கிடந்த அந்தக் குறியீடுகள் காலாவதியாகும் நாள் 2020 ஜூன் 18. அந்தக் கோடையில் உலகில் எங்கே நிகழ்ச்சி நடந்தது என்று நீங்களே நினைத்துப் பாருங்கள்.

இரண்டு பெரியவர்கள் சேர்ந்தபோது

இதற்கிடையில் எதிர்ப்பக்கம் வளர்ந்துகொண்டே போனது. 1990-களின் பிற்பாதியில் ஊரூராக இருந்த நிகழ்ச்சி ஏற்பாட்டாளர்களை எஸ்எஃப்எக்ஸ் என்ற நிறுவனம் ஒவ்வொன்றாக வாங்கிச் சேர்த்தது. அதை 2000-ல் கிளியர் சனல் என்ற வானொலிப் பெருநிறுவனம் வாங்கியது. 2005-ல் அது தனியாகப் பிரிந்து லைவ் நேஷன் ஆனது. நிகழ்ச்சி நடத்துவது, அரங்கம் வைத்திருப்பது, கலைஞர்களை நிர்வகிப்பது எல்லாம் அவர்கள் தொழில்.

லைவ் நேஷன் சொந்தமாக டிக்கெட் விற்கத் தொடங்கி டிக்கெட்மாஸ்டருக்குப் போட்டியாக வரும் என்று எல்லோரும் பார்த்திருந்த நேரத்தில், 2009 பெப்ரவரியில் இருவரும் இணையப் போவதாக அறிவித்தார்கள். அதே மாதம் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் நிகழ்ச்சிக்கு டிக்கெட் தேடிய ரசிகர்களை டிக்கெட்மாஸ்டரின் தளம், அதற்கே சொந்தமான மறுவிற்பனைத் தளத்துக்குத் தள்ளிவிட்டது. அங்கே பல மடங்கு விலை. ஸ்பிரிங்ஸ்டீன் பகிரங்கமாகக் கோபப்பட, நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. இணைப்பு நிற்கவில்லை. 2010 ஜனவரியில் நீதித் திணைக்களம் நிபந்தனைகளோடு அனுமதித்தது. டிக்கெட்மாஸ்டரைத் தெரிவு செய்யாத அரங்கத்தை, நிகழ்ச்சி தராமல் பழிவாங்கக்கூடாது என்பது அதில் முக்கியமானது. பத்து வருடம் கழிந்து, அந்த நிபந்தனை மீறப்பட்டதாக அதே திணைக்களம் சொன்னது. தண்டனை? நிபந்தனைக் காலம் 2025 வரை நீட்டிக்கப்பட்டது.

ஐபோன் திறந்த கதவு, நடுவர் போட்ட பூட்டு

பூட்டிய கதவைத் திறந்தது இசையோடு சம்பந்தமே இல்லாத ஒரு வழக்கு. ஐபோன் வைத்திருப்பவர்கள், செயலிகளை ஆப்பிளின் கடையில் மட்டுமே வாங்க முடிவதால் விலை கூடுகிறது என்று வழக்குப் போட்டிருந்தார்கள். ஆப்பிள் அதே கொங்கிரீட் கல்லைத் தூக்கியது. செயலியின் விலையை வைப்பது அதை எழுதியவர்கள், நாங்கள் அவர்களுக்குத்தான் சேவை செய்கிறோம் என்றது. ஒன்பதாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் 2017-ல் இதை மறுத்தது. மறுக்கும்போது 1998 டிக்கெட்மாஸ்டர் தீர்ப்போடு தாம் உடன்படவில்லை என்றும் வெளிப்படையாக எழுதியது. 2019 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் ஐபோன்காரர்கள் பக்கம் நின்றது. யார் உங்களுக்கு நேராக விற்று உங்களிடம் நேராகப் பணம் வாங்குகிறாரோ அவர் மீது நீங்கள் வழக்குப் போடலாம். நடுவில் வேறு ஆள் இல்லாதபோது விலையை யார் வைத்தார் என்ற கேள்வி உங்கள் உரிமையைப் பறிக்காது. ஆர்னல்ட் தனியாக எழுதியதும் ஏறக்குறைய இதைத்தான்.

கதவு திறந்தது, ஆனால் அதற்குள் இன்னொரு பூட்டு வந்துவிட்டிருந்தது. தளத்தில் 'ஏற்றுக்கொள்கிறேன்' என்று அழுத்துகிறீர்களே, அந்த நிபந்தனைகளுக்குள் ஒரு வரி இருக்கும். தகராறு வந்தால் நீதிமன்றம் போகமாட்டேன், கூட்டாக வழக்குப் போடமாட்டேன், தனித்தனியாக நடுவரிடம் போவேன். 2011-ல் ஏடி அண்ட் டி தொலைபேசி நிறுவனத்தின் வழக்கில் இப்படிப்பட்ட வரி செல்லும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்த வழக்கின் மூலம் இலவசம் என்று கொடுத்த தொலைபேசிக்கு வாங்கிய 30 டொலர் 22 சத வரி. முப்பது டொலருக்குத் தனியாக யார் நடுவரிடம் போவார்கள்?

ஆகவே 2020-ல் ரசிகர்கள் லைவ் நேஷன் மீது போட்ட ஏகபோகக் கூட்டு வழக்கு இந்த வரியில் தடுக்கி விழுந்தது. 2023-ல் ஒன்பதாவது வட்டாரமும் அதை உறுதி செய்தது. ஆனால் அதற்குள் நிறுவனம் ஒரு காரியம் செய்திருந்தது. ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் நடுவரிடம் போனால் ஒவ்வொரு கோப்புக்கும் நிறுவனமே கட்டணம் கட்டவேண்டும் என்பதால், வழக்கறிஞர்கள் அந்த வழியைப் பிடிக்கத் தொடங்கியிருந்தார்கள். 2021-ல் நிறுவனம் தன் நிபந்தனைகளில் இருந்த பழைய நடுவர் அமைப்பை நீக்கி, நியூ எரா என்ற புதிய அமைப்பைப் போட்டது. அதன் விதிகளின்படி சில மாதிரிக் கோப்புகளை மட்டும் விசாரித்து அந்த முடிவை மற்ற எல்லோர் மீதும் ஏற்றலாம். தன் பெயரில் வழக்கு நடப்பதே தெரியாதவர் மீதும்.

2022 ஜனவரியில் இன்னொரு கூட்டு வழக்கு வந்தது. இம்முறை நீதிபதி நடுவரிடம் அனுப்ப மறுத்தார். 2024 ஒக்டோபரில் ஒன்பதாவது வட்டாரமும் மறுத்தது. விதிகள் அடர்த்தியாக, சிக்கலாக, ஒன்றுக்கொன்று முரணாக, கிட்டத்தட்ட புரிந்துகொள்ளவே முடியாத நிலையில் இருப்பதாக அந்தத் தீர்ப்பு சொன்னது. மென்பொருள் ஆவணங்களை வாசித்துப் பழகிய எனக்கு அந்த வரியில் ஒரு தனிச் சந்தோஷம்.

ஸ்விஃப்ட் இரசிகர்கள்

இவ்வளவு நேரம் பொறுத்த உங்களில் பாதிப் பேர் டெய்லர் ஸ்விஃப்ட் எங்கே என்று கேட்டிருப்பீர்கள். 2022 நவம்பர் 15 அன்று ஈராஸ் சுற்றுப்பயணத்தின் முன்விற்பனை. முன்பதிவு செய்தவர்கள் 35 இலட்சம் பேர். அன்று தளத்துக்கு வந்த கோரிக்கைகள் 350 கோடி என்று டிக்கெட்மாஸ்டர் சொன்னது. இருபது இலட்சத்துக்கு மேல் டிக்கெட் விற்றது, தளம் தடுமாறியது, பொதுவிற்பனை இரத்தானது. 2023 ஜனவரியில் செனட் குழு லைவ் நேஷன் அதிகாரியைக் கூப்பிட்டுக் கேள்வி கேட்டது.

இதில் என் தொழில்சார் கருத்து ஒன்று. அன்று தளம் விழுந்ததைப் பெரிய குற்றமாக நான் பார்க்கவில்லை. அவ்வளவு கூட்டம் ஒரே மணிநேரத்தில் வந்தால் யாருடைய தளமும் திணறும். என் கேள்வி வேறு. ஒரு டிக்கெட்டைப் பதிவு செய்து மின்னஞ்சலில் அனுப்ப ஆகும் கணினிச் செலவு 60 டொலர் டிக்கெட்டுக்கும் 600 டொலர் டிக்கெட்டுக்கும் ஒன்றுதான். பிறகு ஏன் விலை ஏற ஏறச் சேவைக் கட்டணமும் ஏறுகிறது? ரோசனின் ஒப்பந்தம் ஞாபகம் இருந்தால் பதில் உங்களுக்கே தெரியும்.

2024 மே 23 அன்று நீதித் திணைக்களமும் முப்பது மாநில, மாவட்டச் சட்டமா அதிபர்களும் சேர்ந்து லைவ் நேஷன் மீது வழக்குப் போட்டார்கள். பெரிய அரங்கங்களின் முதல்நிலை டிக்கெட் விற்பனையில் 80 வீதமோ அதற்கு மேலோ டிக்கெட்மாஸ்டரிடம் என்பது வழக்குப் பத்திரத்தின் குற்றச்சாட்டு. நிறுவனம் மறுக்கிறது. கட்டணத்தின் பெரும்பகுதி அரங்கங்களுக்குத்தான் போகிறது, விலையை நாங்கள் வைப்பதில்லை என்கிறது. முதல் பாதி உண்மையாகவே இருக்கலாம். அது தற்காப்பா, குற்றச்சாட்டின் விளக்கமா என்பதில்தான் எனக்குச் சந்தேகம்.

கனடாவில் இருக்கும் நமக்கு

ரொறன்ரோவில் ரஹ்மானோ அனிருத்தோ வந்தால் நாமும் இதே வரிசையில்தான் நிற்கிறோம். ஆனால் சட்டம் எல்லைக்கு இந்தப் பக்கம் வேறு. அமெரிக்காவின் கொங்கிரீட் கல் விதியைக் கனடா உச்ச நீதிமன்றம் 2013-ல் மைக்ரோசொஃப்ட் வழக்கில் நிராகரித்தது. இரண்டாம் கையில் இருப்பவரும் இங்கே கூட்டு வழக்குப் போடலாம். நீதிமன்றம் போகமாட்டேன் என்ற நடுவர் வரி ஒன்ராறியோ நுகர்வோருக்கு எதிராகச் செல்லாது. அந்த மாகாணச் சட்டம் 2002-லேயே வந்துவிட்டது.

2019-ல் கனடாவின் போட்டிப் பணியகத்தோடு டிக்கெட்மாஸ்டர் ஒரு உடன்பாட்டுக்கு வந்து தண்டமும் விசாரணைச் செலவுமாக 45 இலட்சம் டொலர் கட்டியது. விளம்பரப்படுத்திய விலையில் கட்டணங்கள் சேர்ந்தபோது பெரும்பாலும் 20 வீதத்துக்கு மேல், சில வேளை 65 வீதத்துக்கு மேலேயும் ஏறியதைப் பணியகம் கண்டிருந்தது. கடைசிப் பக்கத்தில் சொட்டுச் சொட்டாக விலை ஏறுவதை இங்கே சட்டமே இப்போது பெயர் சொல்லித் தடுக்கிறது.

அந்தச் சட்டத்தில் முதலில் பெரிதாக மாட்டியவர் நமக்கு நன்றாகத் தெரிந்தவர். நாம் முதல் நாள் முதல் காட்சி பார்க்கும் சினிபிளெக்ஸ். 2022 ஜூனில் இணையப் பதிவுக்கு 1 டொலர் 50 சதம் வரை கட்டணம் வைத்தார்கள். விலையைக் காட்டும் முதல் இடத்தில் அது இல்லை என்று போட்டிப் பணியகம் வழக்குப் போட, 2024 செப்டம்பரில் போட்டித் தீர்ப்பாயம் 3 கோடியே 89 இலட்சம் டொலர் தண்டம் விதித்தது. அந்தக் கட்டணத்தால் 2023 முடியும்வரை வசூலான தொகை அவ்வளவுதான். சினிபிளெக்ஸ் மேல்முறையீட்டுக்குப் போனது.

ஒன்றைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். இந்தத் தண்டம் அரசுக்குப் போகிறது, டிக்கெட் எடுத்தவருக்கு அல்ல. உங்கள் ஒன்றரை டொலர் உங்களுக்குத் திரும்பி வரவேண்டுமென்றால் அதற்குத் தனியாக ஒரு கூட்டு வழக்கு வேண்டும். அப்படி ஒன்று முடிவுக்கு வந்தால் உங்களைத் தேடுவது டிக்கெட் எடுத்தபோது கொடுத்த மின்னஞ்சல் முகவரிக்குத்தான். உயர்தரப் பள்ளியில் இருக்கும்போது வைத்திருந்த விளையாட்டுப் பெயர் முகவரியை இன்னும் திறக்க முடிகிறதா என்று ஒரு தடவை பார்த்து வையுங்கள்.